அப்பா ஏன் பாதியில் வந்தார்?

“ஏனுங்க, மிலிட்டரில பதினஞ்சு வருசம் முடிச்சாத்தானுங்களே பென்சனு? நீங்க பதிமூணுலயே வந்துட்டீங்கன்னு ஒண்டிக்கடை பஜார்ல பேசிக்கறாங்க. அது என்னுங்க வெவரம்?”

கேட்டவர் என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன். எங்கள் மலை அடிவாரத்துக்காரர். நான் கொண்டுபோய்க் கொடுத்த காபி அவர் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். மாப்பிள்ளை தலை நிமிரவே இல்லை. போட்டோவில் இருந்ததைவிட நன்றாக இருந்தார், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு முன்னால் அதே தாய்மாமன் இன்னொன்றும் கேட்டிருந்தார். “புள்ளைக்கு ரெண்டு வயசு இருக்கறப்பவே ஆத்தா தவறிட்டாங்களாமா?”

“ஆமாங்க. காச்சல்ல” என்றார் அப்பா.

தாய்மாமன் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். அதன் பிறகுதான் இந்தப் பென்ஷன் கேள்வி வந்தது.

வெளியே காயப்போட்டிருந்த காபிப் பழத்தின் புளித்த வாடை அறைக்குள் வந்துகொண்டிருந்தது. என்னை வளர்த்த அத்தை, அப்பாவுக்கு அக்கா, சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். கதவோரம் நின்ற நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளைக்காக இல்லை. அந்தக் கேள்வியைப் பத்து வயதிலிருந்து நானே மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா பட்டாளத்திலிருந்து தானாக வந்தாரா, துரத்தினார்களா?

இந்தப் பத்திரிகைத் தொடரில் இத்தனை வாரமாக எங்கள் ஊர் மாரமங்கலத்து ஜனங்கள் ஒருவர் விடாமல் வந்து போய்விட்டார்கள். அப்பாவை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. இனி எழுதலாம். வரி வரியாகப் படித்துவிட்டு, “இத உங்கிட்ட யாரு சொன்னது?” என்று கேட்பதற்கு ஆள் இல்லை.

பிரேக்கு புடிக்குதுங்களா?

சந்தேகம் என்றால் அப்பா, அப்பா என்றால் சந்தேகம். எங்கள் ஊரில் இருந்து சேலத்துக்குப் போவதென்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும். என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறும்போதெல்லாம் அப்பா நேராக டிரைவரிடம் போவார்.

“ஏனுங்க, பிரேக்கு புடிக்குதுங்களா?”

“மிலிட்டரி, ஏறுனா ஏறுங்க, எறங்குனா எறங்குங்க. தெனம் இதே கேள்வியா?”

அப்பா நகரமாட்டார். டிரைவர் பிரேக்கை ஒருமுறை மிதித்துக் காட்டுவார். பஸ் புஸ்ஸென்று ஒரு சத்தம் போடும். அதைக் கேட்ட பிறகுதான் என் கையைப் பிடித்து ஏற்றுவார். பஸ் முழுக்கச் சிரிக்கும். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

பாலை நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமல் எனக்குக் கொடுக்கமாட்டார். அடுத்த வீட்டுக்காரர்கள் பலகாரம் கொடுத்தால் முதலில் அவர் தின்று, கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகு எனக்குத் தருவார். அதற்குள் பாதி தீர்ந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் மேட்டூர் அணைக்கு டூர் போனோம். அணைப் பூங்காவில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது டீச்சர் ஒரு மரத்தடியைக் காட்டி, “அது உங்கப்பாதான?” என்றார். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் பின்னாலேயே வந்திருக்கிறார். கிட்டே போய்க் கேட்டதற்கு, “நானும் அணையப் பாத்ததில்லீங்க டீச்சர்” என்றார். அணைக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்தபடிதான் உட்கார்ந்திருந்தார்.

தலை வாரிவிடுவதும் அவர்தான். அத்தை பின்னினால் தளர்ந்துபோகிறது என்று அதிலும் குற்றம் கண்டுபிடித்தார். பட்டாளத்துப் படுக்கையைக் கயிறு போட்டு இறுக்குவது மாதிரி இரட்டைச் சடை போடுவார். சாயங்காலம் வரைக்கும் என் புருவம் இரண்டும் மேலேறியே இருக்கும். என் பத்தாம் வகுப்புப் போட்டோவைப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும், “எதைக் கண்டு இவ்வளவு ஆச்சரியம்?” என்று கேட்கிறார்கள்.

பாட்டில் இல்லாத வீடு

ஊரையே சந்தேகப்பட்ட மனிதரை ஊரும் சந்தேகப்படாமல் விடுமா? அதற்குச் சாட்சியாக எங்கள் வீட்டில் ஒரு பொருள் இல்லாமல் இருந்தது.

எங்கள் மலையில் பட்டாளத்திலிருந்து வந்தவர் என்றால் மிலிட்டரி கேன்டீன் சரக்குப் பாட்டில் வைத்திருக்க வேண்டும். கல்யாணம், கருமாதி, நிலத்தகராறு பேசி முடிப்பது எதற்கானாலும், “மிலிட்டரி ஊட்டுல கேட்டுப் பாரு” என்பார்கள். மேல்தெருவில் ஒரு சுபேதார் இருந்தார். மாதம் தவறாமல் கீழே கேன்டீனுக்குப் போய் வருவார். வந்த அன்று சாயங்காலம் அவர் வாசலில் நாலு ஜோடி செருப்பாவது கிடக்கும். எங்கள் வாசலில் அப்பாவின் செருப்பும் அத்தையின் செருப்பும் என் செருப்பும்தான். அப்பாவிடம் பாட்டிலும் இல்லை, கேன்டீன் கார்டும் இல்லை, பென்ஷனும் இல்லை. காபிச் செடியும் மிளகுக் கொடியும் இருந்த கொஞ்சம் நிலம் மட்டும் இருந்தது.

கார்டு இல்லையென்றால் என்ன அர்த்தம்? ஊர் மூன்று கதை கட்டியது. எல்லையில் சுடச் சொன்னபோது ஓடி வந்துவிட்டார் என்பது ஒன்று. துப்பாக்கி ஒன்று காணாமல் போனது, அதை இவர்தான் எடுத்தார் என்பது இரண்டாவது. வடக்கே ஒரு பெண் விவகாரம் என்பது மூன்றாவது. அம்மா செத்த பிறகும் அவர் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளாததால் மூன்றாவது கதைக்குத்தான் மவுசு அதிகம். “அங்க ஒண்ணு இருக்கக்கொண்டுதான் இங்க வேண்டாங்கறாப்ல” என்று பேசிக்கொண்டார்கள்.

அப்பா எதையும் மறுத்ததில்லை. என்னை உறுத்தியதே அதுதான். பால்காரர் அரை டம்ளர் தண்ணீர் கலந்தால் ஊரைக் கூட்டுகிற மனிதர், தன்னைத் திருடன் என்று சொன்னால் பேசாமல் போவாரா? மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயம் ஏன்?

பென்சில் தேடியது

பத்து வயதில் எனக்குத் துப்பாக்கிக் கதை எட்டியது. “உங்கப்பா துப்பாக்கிய எடுத்துட்டு ஓடியாந்தவராமா?” என்று பக்கத்தில் உட்காரும் பெண்ணே கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவள் சடையைப் பிடித்து இழுத்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் தேட ஆரம்பித்தேன்.

அரிசி டிரம்முக்குள் கையை விட்டுத் துழாவினேன். கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். மிளகு மூட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். அப்பாவின் கறுப்புப் பெட்டிக்கு மட்டும் பூட்டு. அதன் முன்னால் உட்கார்ந்து பூட்டை ஆட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் அப்பா நின்றார்.

“என்ன தேடற சாமி?”

“பென்சிலு.”

என் தலையெல்லாம் ஒட்டடை. கை முழுக்க மிளகுத் தூசி. அவரும் உட்கார்ந்து என்னோடு சேர்ந்து பென்சில் தேடினார். ஒரு மணி நேரம் தேடினோம். இல்லாத பென்சில் எப்படிக் கிடைக்கும்? மறுநாள் ஒண்டிக்கடைக்குப் போய் ஒரு டஜன் பென்சில் வாங்கி வந்து என் பையில் வைத்தார். பெட்டியை மட்டும் திறந்து காட்டவே இல்லை.

அத்தையிடம் கேட்டேன். “அதெல்லாம் உனக்கெதுக்கு கண்ணு? உங்கப்பன மாதிரி ஆளு இந்த மலைல இல்ல, அத மட்டும் தெரிஞ்சுக்க” என்றார். இது நல்ல பதில்தானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே ஏதோ இருக்கிறது, அதற்கு மேலே பாராட்டைப் போட்டு மூடுகிறார்கள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சந்தேகத்தில் நான் அப்பாவின் மகள்.

ஏழு பேர் முன்னால்

பெண் பார்த்த அந்த அறைக்குத் திரும்புகிறேன். தாய்மாமன் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ரிப்போர்ட் கொடுக்கிற குரலில் சொன்னார்.

“எங்க ஆபீசர் ஒருத்தரைக் கை நீட்டிட்டனுங்க. அனுப்பிச்சுட்டாங்க.”

தாய்மாமன் காபியைக் கீழே வைத்தார். “கோவக்காரருங்க போல” என்றார்.

“ஆமாங்க. அது என்ற தப்புத்தானுங்க. புள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க. அவ நல்ல கொணம்.”

அவர்கள் எழுந்து போனார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். ஒன்றும் வரவில்லை. அடியாள் மாதிரி மாமனார் இருந்தால் நாளைக்கு மாப்பிள்ளையை அடிக்கமாட்டாரா என்று அந்த அம்மாள் பஸ் ஸ்டாண்டிலேயே கேட்டுவிட்டுப் போனதாக மட்டும் தகவல் வந்தது.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆறு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சம்பந்தம் முறிந்ததற்காக என்று எல்லோரும் நினைத்தார்கள். அது பாதிதான். இத்தனை வருடம் நான் சந்தேகப்பட்டது உண்மையாகிவிட்டதே என்பது மீதி. அந்த வெறுப்பு நெஞ்சில் கசந்துகொண்டே இருந்தது. இரண்டு வருடம் கழித்து உள்ளூரிலேயே ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அவர் வீட்டார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்காததால் அவர்கள் மேல் அப்பாவுக்கு வெகுநாள் சந்தேகம் இருந்தது.

நம்பர் போட்ட கட்டம்

வருடங்கள் ஓடின. அத்தை போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு ஆஸ்பத்திரி கார்டு தருகிறார்கள், அதில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். அப்பாவிடம் கேட்டால் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

“எனக்குத் தரமாட்டாங்க. உடு.”

“ஏன் தரமாட்டாங்க?”

“உடுன்னா உடு கண்ணு.”

ஒருநாள் அவர் தோட்டத்துக்குப் போயிருந்தபோது பெட்டியைத் திறந்தேன். பூட்டு துருப்பிடித்து, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒரு கம்பளி, அம்மாவின் சேலை ஒன்று, துணியில் சுற்றிய சின்னப் புத்தகம். பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கிற புத்தகம் அது. முழுக்க இங்கிலீஷ், மங்கிப்போன மை, சுருக்கெழுத்துகள். அனுப்பப்பட்ட காரணம் என்ற கட்டத்தில் ஒரு விதியின் நம்பர் மட்டும் இருந்தது. நம்பரைப் பார்த்ததும் போலீஸ் செக்‌ஷன் மாதிரித் தோன்றியது. திருடியவர்களுக்கு ஒரு நம்பர், கொலை செய்தவர்களுக்கு ஒரு நம்பர் இருக்குமே, அதுபோல அடித்தவர்களுக்கு இது என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் அப்பாவிடம் பல் ஆஸ்பத்திரிக்கு என்று பொய் சொல்லிவிட்டுச் சேலம் போனேன். முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்தில், அவரும் பட்டாளத்தில் இருந்து வந்தவர்போல, நரைத்த மீசைக்காரர் ஒருவர் இருந்தார். புத்தகத்தை நிதானமாகப் புரட்டினார்.

“கார்டு வராதுங்கம்மா” என்றார்.

“தெரியுமுங்க. அடிதடில வந்தவரு.”

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “யாரு சொன்னது? இந்த நம்பரு தண்டனை இல்லீங்க. அவரா எழுதிக் கேட்டு வாங்கிட்டு வந்தது. அடுத்த பக்கத்துல ஊட்டுச் சூழ்நிலைன்னு இருக்குது பாருங்க. நடத்தைன்னு போட்டிருக்கற எடத்துல மிகச் சிறந்ததுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பட்டாளத்துல கெடையாதுங்க.” புத்தகத்தை மூடிவிட்டு, “பதினஞ்சு முடியறதுக்குள்ள தானாக் கேட்டு வந்தா பென்சனும் இல்ல, கார்டும் இல்ல. அது தெரிஞ்சேதான் வந்திருப்பாரு. யாரும் வரமாட்டாங்க. உங்கப்பாரு ஏனுங்க வந்தாரு?” என்று என்னையே கேட்டார்.

புத்தகத்தைத் திருப்பி வாங்கி, அவர் பட்டாளத்தை விட்ட தேதியைப் பார்த்தேன். அப்போது எனக்கு இரண்டரை வயது.

பஸ் நிறுத்தத்தில் விசாரணை

மலை ஏறுகிற வழியெல்லாம் அழுகையும் கோபமும் மாறி மாறி வந்தன. மாரமங்கலத்தில் இறங்கினால் அப்பா நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி பஸ்ஸிலிருந்து ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்திருக்கிறார்.

“பல்லாஸ்பத்திரிச் சீட்டு எங்க?” என்றார் உடனே. “எந்தப் பல்லு? வாயத் தொற, பாக்கலாம்.”

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினேன். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

“பொட்டியத் தொறந்தியா?”

“தொறந்தேன்.”

பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார். “எத்தன பேரு தொட்டாங்க?” என்றார்.

“அப்பா! ஆபீசரை அடிச்சேன்னு ஏன் பொய் சொன்னீங்க?”

“அடிக்கணும்னு நெனச்சதுண்டு.”

நான் சிரிக்கவில்லை. அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்.

“அந்தாளு மொதல்ல என்ன கேட்டான்? ரெண்டு வயசுல ஆத்தா போயிட்டாளான்னு கேட்டான். இந்தப் புள்ளைக்காக வேலைய உட்டுட்டு வந்தேன்னும் சொல்லியிருந்தா என்ன பேசுவாங்க? ஆத்தாள முழுங்குனவ, அப்பன் வேலையவும் முழுங்குனவ, ராசியில்லாதவன்னு சொல்லுவாங்க. போற எடத்துல ஒரு மாடு செத்தாலும் உன்ற தலைலதான் வெடியும். என்னையத் திருடன்னு சொன்னாலும் எனக்கென்ன, நான் கட்டிக்கப் போறனா? உன்றமேல ஒரு சொல்லு வரக் கூடாது.”

“அந்தச் சம்பந்தமும் போச்சே.”

“போகும்னு நெனைக்கல” என்றார். “கை நீட்டறது ஆம்பளைக்கு ஒரு கொறையான்னு நெனச்சுட்டேன்.”

இந்த மனிதரைத்தான் நான் முப்பது வருடத்துக்கு மேல் சந்தேகப்பட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் என் புத்தி விடவில்லை, அடுத்த கேள்வியையும் கேட்டேன்.

“அத்தை இருந்தாங்களேப்பா. ரெண்டு வருசந்தான மிச்சம். அவுங்க பாத்துக்கிட்டிருப்பாங்களே?”

ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது தாண்டிப் போகும்வரை அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்கம்மா போனதுக்கு ரெண்டு மாசம் லீவு குடுத்தாங்க. வந்தேன். உனக்கு நான் யாரோ. மீசையப் பாத்தா அத்தை சேலைக்குள்ள போய் ஒளிஞ்சுக்குவ. என்ற கையால ஒரு வாய் சோறு வாங்கமாட்ட. முட்டாயி குடுத்தாக்கூட அத்தையப் பாத்து, அவ தலையாட்டுனாத்தான் வாங்குவ. அவ்வளவு சந்தேகம் உனக்கு. நாள எண்ணி எண்ணி லீவு பூரா இப்படியே போச்சு. கெளம்பற அன்னிக்குக் காலைல, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பொட்டியத் தூக்கறேன். நீயா நடந்து வந்து மடியில ஏறி உக்காந்து, ஆன்னு வாயத் தொறந்த.”

அப்பா புத்தகத்தின் அட்டையைத் துண்டால் துடைத்தார்.

“ஊட்டிட்டுப் போயிட்டேன். போய்ச் சேர்ந்த மறுநாளே எழுதிக் குடுத்துட்டேன். நம்பி வாயத் தொறந்த புள்ளைய உட்டுட்டு எப்படி சாமி இருக்கறது? அவங்க காயிதம் அங்கயும் இங்கயும் போய் வர நாலு மாசமாச்சு.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். நிறுத்தத்தில் நின்ற இரண்டு மூன்று பேர் எங்களையே பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

“திரும்பி வந்தப்ப எனக்கு உங்களை அடையாளம் தெரிஞ்சுதாப்பா?”

“எங்க தெரிஞ்சுது? பாத்ததும் அழுதுட்டு அத்தைகிட்ட ஓடிட்ட. மறுக்காவும் மொதல்லருந்து.”

“அப்பறம் எத்தனை நாளாச்சு, நான் உங்க கையால வாங்கித் தின்ன?”

“அத யாரு எண்ணுனா?” என்றார் அப்பா. “அதுக்கப்பறந்தான் எனக்கு லீவு முடியறதே இல்லையே.”